தலைநகரம் தள்ளி நிற்கிறது

வித்துராவுக்கு ரயில் கிடையாது. வரும் என்று யாரும் ஆசை காட்டியதும் கிடையாது. பொன்முடி அடிவாரத்தில், 22 கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே இருக்கிற ஊர். வடக்கே தென்மலைக் காட்டைக் குடைந்துகொண்டு செங்கோட்டைக்கு ஒரு பாதை போகிறது. மேற்கே கொல்லத்திலிருந்து கடலோரமாகத் திருவனந்தபுரத்துக்கு இன்னொன்று. நடுவில் மாட்டிக்கொண்ட எங்களுக்குக் கிடைத்தது ஒரு கே.எஸ்.ஆர்.டி.சி. டெப்போ.

இதில் எங்களுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. எங்களுக்கு முன்னால் இதே அவதிப்பட்டவர் சாதாரண ஆளில்லை. ஊருக்குப் பின்னால் போனக்காடு; அங்கிருந்து ஏறினால் அகத்தியர்கூடம். வடக்கே இருந்து தமிழையும் கமண்டலத்தையும் தூக்கிக்கொண்டு குறுமுனிவர் நடந்தே வந்து சேர்ந்தார். ரயில் இருந்திருந்தாலும் அவருக்கு அப்பர் பெர்த் கொடுத்திருப்பார்கள். ஏற முடியாமல் டி.டி.ஆரைச் சபித்திருப்பார். பிற்காலத்தில் மனம் கேட்காமல் ரயில்வேக்காரர்கள் சென்னையிலிருந்து ஒரு வண்டிக்கு அவருடைய மலையின் பெயரை வைத்தார்கள், பொதிகை எக்ஸ்பிரஸ் என்று. அதுவும் மலைக்கு அந்தப் பக்கம் செங்கோட்டையோடு நின்றுவிடுகிறது. முனிவர் இந்தப் பக்கம் இறங்க நினைத்தால் பஸ்தான்.

ஆகவே வித்துராக்காரன் ரயிலைப் பார்க்க வேண்டுமென்றால் நெடுமங்காடு வழியாகத் திருவனந்தபுரம் போக வேண்டும். போனால் தம்பானூரில் கருங்கல்லில் எழுப்பிய சென்ட்ரல் ஸ்டேஷன் இருக்கிறது. அதைப் பற்றி எழுத ஆள் நிறைய. நான் சொல்ல வந்தது அதற்கு முந்தின ஸ்டேஷனான பேட்டையைப் பற்றி. சின்ன ஸ்டேஷன், கூடவே ஒரு டிக்கெட் கவுண்டர், ஒரு நடைமேம்பாலம். பாசஞ்சர்கள் நிற்கும், மனமிருந்தால் சில எக்ஸ்பிரஸ்களும் நிற்கும், பெரிய இடத்து வண்டிகள் ஹாரனை மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விடும். இந்த ஸ்டேஷன் இருக்கும் பேட்டை, சாக்கை வட்டாரம்தான் 1918 முதல் 1931 வரை திருவிதாங்கூர் சமஸ்தானத் தலைநகரின் கடைசி ஸ்டேஷன். மகாராஜாவானாலும் மாங்காய் வியாபாரியானாலும் இங்கேதான் இறங்கியாக வேண்டும். கெட்டுப்போன ஜமீன் குடும்பத்துக் கதை எல்லா ஊரிலும் உண்டு. கெட்டுப்போன ரயில்வே ஸ்டேஷன் கதை இது.

ரயிலுக்கு முன்னால் தோணி இருந்தது. 1820-களில் ராணி கௌரி பார்வதி பாய் காலத்தில் வெட்டிய பார்வதி புத்தனாறு, வள்ளக்கடவிலிருந்து கடினங்குளம் காயலுக்குப் போகும் கால்வாய். கொல்லத்துக்கும் அதற்கு வடக்கேயும் போக வேண்டியவர்கள் கெட்டுவள்ளத்தில் பாய் விரித்துப் படுத்துவிடுவார்கள். ஒரே ஒரு தொந்தரவு வர்க்கலை. அங்கே குன்று குறுக்கே நின்றது. தோணிக்கு ஏறத் தெரியாது என்பதால் ஆள் இறங்கி ஏறினான், சரக்கும் தலையில் ஏறியது. குன்றைக் குடைந்து தோணிக்கு வழிவிட வந்தவர்கள் தமிழ்நாட்டுக்காரர்கள்: திவான் டி. மாதவராவ், அவருக்குப் பின் வந்த சேஷய்ய சாஸ்திரி. இருவரும் கும்பகோணத்துப் பக்கம். காவிரிக் கரையில் மலை என்று ஒன்றைப் பார்த்திராதவர்கள் குன்றைக் குடைய உட்கார்ந்தார்கள். 1877-இல் ஒரு சுரங்கம், 1880-இல் இன்னொன்று. வெற்றிலைப் பெட்டியைக் கையிலெடுக்காமல் ஒருவன் திருவனந்தபுரத்திலிருந்து கொல்லம் வரை படுத்துக்கொண்டே போகலாம் என்ற நிலை வந்தது. நாகரிகத்தின் உச்சம் அதுதான். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் சத்தம்.

1904-இல் கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் நடுவே மீட்டர்கேஜ் வண்டி ஓட ஆரம்பித்தது. தென்மலைக்குப் பக்கத்தில் 13 கண் பாலம், ஆரியங்காவைத் தாண்டி ஒரு நீளமான சுரங்கம் என்று சவுத் இந்தியன் ரயில்வேக்காரர்கள் மலையோடு நன்றாகவே மல்லுக்கட்டினார்கள். அவ்வளவு மலையைக் கடந்தவர்களுக்குக் கொல்லத்திலிருந்து தலைநகரம் வர, நெல்வயலும் தென்னந்தோப்பும் தவிரப் பெரிய தடை கிடையாது. அதற்கு 14 வருஷம் ஆயிற்று. 1918 ஜனவரியில், உலகமே போரில் கிடக்கும்போது, வண்டி திருவனந்தபுரம் வந்து சேர்ந்தது. சேர்ந்தது என்றால் சாக்கை வரை. கோட்டை அங்கிருந்து இன்னும் இரண்டு, இரண்டரை மைல்.

அன்று அரண்மனையில் நடந்த உரையாடல் எந்த ஆவணத்திலும் இல்லை. ஆவணத்தில் இல்லாததைத் தைரியமாக எழுதலாம். மகாராஜா ஸ்ரீமூலம் திருநாள் வெற்றிலையை மடித்தபடி திவான் கிருஷ்ணன் நாயரைப் பார்க்கிறார்.

“புகைவண்டி எத்திவிட்டதா?”

“எத்தியது, திருமனசே.”

“எங்கே?”

“சாக்கையில்.”

“நாம் இருப்பது கோட்டைக்குள் அல்லவா?”

“ஆமாம், பொன்னுதம்புரானே. வண்டி தலைநகருக்கு வந்துவிட்டது. தலைநகரம்தான் இன்னும் வண்டிக்கு வந்து சேரவில்லை.”

“அப்படியானால் குதிரைவண்டியைப் பூட்டச் சொல்லும்.”

சாக்கையில் நின்றதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. கால்வாய் அங்கே, படகுத்துறை அங்கே, சரக்கு வந்திறங்குவதும் அங்கே. ரயிலும் அங்கேயே நின்றால் மூட்டை மாற்ற வசதி. ஆனால் நியாயமான காரணத்தை வைத்துக்கொண்டு டீக்கடையில் ஐந்து நிமிடம்கூடப் பேச முடியாது. எனக்குத் தோன்றுவது வேறு. நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு அவருடைய தாசராக ஆண்ட வம்சம் இது. அவரோ அனந்தசயனத்தில் இருப்பவர். படுத்திருக்கும் முதலாளியின் தலைமாட்டில் போய் எந்தக் காரியஸ்தனாவது ஸ்டீம் எஞ்சின் விசில் ஊதுவானா?

வந்த வண்டி எங்கே போகும்? இங்கேதான் வேடிக்கை. மலையாளச் சீமையின் தலைநகரத்து ரயில் கொச்சிக்குப் போகாது. கொல்லம், புனலூர், செங்கோட்டை, தென்காசி, திருநெல்வேலி என்று நேராகத் தமிழ் நாட்டுக்குள் இறங்கி மதராஸுக்குப் போய்விடும். கொச்சி ராஜா, கோயில் யானைகளின் தங்க நெற்றிப்பட்டத்தை விற்று ஷொர்ணூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு ரயில் விட்டார் என்பது அந்தப் பக்கத்தில் மார்தட்டிச் சொல்லும் சேதி. 1902-இல் அது வந்துவிட்டது. 1918-இல் இது வந்தது. இரண்டையும் இணைக்கும் கோட்டயம், கொல்லம் பாதை முழுமையானது 1958-இல். யானையின் பட்டத்தை விற்றும் நடுவில் 40 வருஷம் அங்குசத்துக்குக் காத்துக் கிடந்தார்கள். அதுவரை திருவனந்தபுரத்து வக்கீல் ஒருவர் ரயிலிலேயே எர்ணாகுளம் போவேன் என்று அடம்பிடித்திருந்தால், செங்கோட்டை இறங்கி, மதுரை பார்த்து, திருச்சி தொட்டு, ஈரோடு, கோயம்புத்தூர், பாலக்காடு என்று தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டிருக்க வேண்டும். கேஸ் முடிந்து கட்சிக்காரர் சமாதானமாகியிருப்பார்.

இதனால் பேட்டையில் இறங்கியது பெரும்பாலும் தமிழ் பேசும் மூட்டைகள். சாலைக் கம்போளத்துத் தமிழ் வியாபாரிகளுக்கு அந்த மீட்டர்கேஜ், வீட்டுக் கொல்லை வாசல் மாதிரி ஆயிற்று. 1956 நவம்பர் 1-ஆம் தேதி செங்கோட்டை சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோது ஒரே ராத்திரியில் கொல்லம், செங்கோட்டைப் பாதை இரண்டு மாநிலப் பாதையானது. வண்டிக்குள் இருந்தவர்கள் புளியோதரைப் பொட்டலத்தை மூடவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இனி கொஞ்சம் ஜப்பான். சாக்கைக்கு வண்டி வந்த அதே 1918-இல் டோக்கியோவில் ஷிபுசாவா எய்ச்சி என்ற பெரிய முதலாளி, தோட்ட நகரம் கட்டுவதற்கென்றே ஒரு கம்பெனி தொடங்கினார். ஊருக்கு வெளியே வயல்காட்டை வாங்கி, அரைவட்டமாகத் தெருக்களை வகுத்து, எல்லாத் தெருவும் வந்து சேருகிற இடத்தில் சிவப்புக் கூரையோடு ஒரு குட்டி ஸ்டேஷனை வைத்தார்கள். 1923-இல் திறந்த அந்த ஸ்டேஷனின் இன்றைய பெயர் தெனென்சோஃபு. அதே ஆண்டு செப்டம்பரில் பெரிய பூகம்பம் வந்து டோக்கியோ நடுங்க, ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு புறநகருக்கு ஓடி வந்தார்கள். இன்று அது கோடீசுவரர்கள் குடியிருக்கும் பேட்டை. தண்டவாளம் பூமிக்கடியில் போனபோது, 1990-இல் பழைய கட்டடத்தைப் பிரித்தார்கள். பிறகு மனம் கேட்காமல் 2000-இல் அதே மாதிரி திரும்பக் கட்டி வைத்தார்கள். வேலை எதுவும் இல்லாத ஒரு ஸ்டேஷன் கட்டடத்துக்கு இவ்வளவு மரியாதை.

அவருக்கும் முந்திய கில்லாடி ஒசாகாப் பக்கத்து கோபயாஷி இச்சிசோ. 1910-இல் ஆளே இல்லாத வயல்வெளிக்கு மின்சார ரயில் விட்டார். ஏறுவதற்கு ஆள் வேண்டுமே? லைன் ஓரத்தில் வீடு கட்டித் தவணைக்கு விற்றார். காலையில் ஆபீசுக்குக் கூட்டம் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை வண்டி காலியாகப் போனது. கடைசி ஸ்டேஷனான தகராசுகாவில் வெந்நீர்க் குளியல் விடுதி கட்டி, அதற்குள் நீச்சல் குளமும் வைத்தார். கூரைக்குள் வெயில் படாத தண்ணீர் பனிக்கட்டியாக இருந்ததால் இறங்கியவன் எல்லாம் அலறிக்கொண்டு ஏறினான். வேறு யாராவது என்றால் கமிஷன் வைத்து விசாரித்திருப்பார்கள். அவர் குளத்தை வடித்து, மேடை போட்டு, பெண்களை மட்டும் வைத்து ஒரு நாடகக் குழு ஆரம்பித்தார். 1914-இல் அரங்கேறிய தகராசுகா குழு இன்றும் ஹவுஸ்ஃபுல். அதற்குப் போகிறவர்கள் இன்றும் ரயிலில் போகிறார்கள். தண்டவாளம் போட்டுவிட்டு ஊருக்காகக் காத்திருந்தது ஜப்பான். ஊர், ராஜா, கடவுள், கடைத்தெரு எல்லாம் தயாராக இருக்க, இரண்டு மைல் முன்னாலேயே நின்றுகொண்டது திருவிதாங்கூர்.

நின்றது 13 வருஷம். ரீஜண்ட் மகாராணி சேது லட்சுமி பாய் ஆட்சியின் கடைசிக் கட்டத்தில், 1931-இல், லைனை நீட்டித் தம்பானூருக்குக் கொண்டுபோனார்கள். ஒரே நாளில் பேட்டை, தலைநகர ஸ்டேஷன் என்ற பட்டத்தை இழந்து ‘வழியில் ஒன்று’ ஆயிற்று. அதே வருஷம் அதே சவுத் இந்தியன் ரயில்வே மதராஸில் செய்த வேலையைப் பாருங்கள்: பீச்சிலிருந்து தாம்பரம் வரை மின்சார வண்டி. கோடம்பாக்கம், சைதாப்பேட்டை என்று அன்றைய தோப்பு துரவுகளெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டுதான் நகரமாயின. 1960-களில் மின்சார முறையை மாற்றியபோது அந்த மீட்டர்கேஜுக்கென்றே மிட்சுபிஷி முதலான ஜப்பான் கம்பெனிகளிடமிருந்து 20 எஞ்சின்கள் வந்திறங்கின. 1931-க்குத் திரும்புவோம்: ஒரே கம்பெனி, ஒரே வருஷம். அங்கே வண்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். இங்கே ஸ்டேஷனைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்கள். இந்தத் தள்ளி வைக்கும் பழக்கம் அன்று பிடித்தது, விடவே இல்லை.

பேட்டைக்காரர்கள் சோர்ந்துபோகவில்லை. ரயில் காலிசெய்த வட்டாரத்துக்கு ஆகாய விமானம் குடிவந்தது. 1935-இல் திருவனந்தபுரத்திலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் பறந்தது. தோணி வந்து நின்ற இடம், ரயில் வந்து நின்ற இடம், விமானம் வந்து இறங்கும் இடம் எல்லாம் அந்தச் சாக்கை, வள்ளக்கடவுச் சுற்றுவட்டாரம்தான். இன்றைக்கும் சர்வதேச முனையம் புத்தனாற்றங்கரையில்தான் நிற்கிறது. படுத்திருக்கும் பத்மநாபசுவாமியும் சும்மா இருக்கவில்லை. வருஷத்துக்கு இரண்டு முறை ஆறாட்டுக்காக அவர் சங்குமுகம் கடலுக்குப் புறப்படும்போது ஓடுபாதைக்குக் குறுக்கேதான் போவார். விமானங்கள் காத்திருக்கும். துபாய்க்குப் போகிறவன் எவ்வளவு அவசரப்பட்டாலும், அந்த நேரத்தில் ரன்வேயில் முன்னுரிமை வாளோடு நடந்துவரும் ராஜகுடும்பத்துக்கும் யானைக்கும்தான். ரயில் மட்டும் யாருக்கும் பயப்படாமல் தாமதமாக வந்தது.

1976-இல் மீட்டர்கேஜ் போய் பிராட்கேஜ் வந்தது. பாதை அகலமானால் பாலும் தேனும் ஓடும் என்றார்கள். 1000 மில்லிமீட்டர் 1676 ஆனது. சரி, ஜப்பானில் ஷிபுசாவாவின் ஸ்டேஷனுக்கு வருகிற வண்டியின் பாதை எவ்வளவு அகலம்? 1067. டோக்கியோவைச் சுற்றி மூச்சுமுட்டக் கூட்டம் ஏற்றிக்கொண்டு நிமிடத்துக்கு நிமிடம் ஓடும் யாமனோதே லைனும் அதே 1067தான். நாம் குறுகலென்று பெயர்த்துப் போட்ட பாதையைவிட 67 மில்லிமீட்டர் மட்டும் அதிகம். மூன்று விரல் அகலத்துக்கு மேல் கொஞ்சம். அதை வைத்துக்கொண்டு உலகத்திலேயே மிகப் பெரிய கூட்டங்களில் ஒன்றை ஏற்றுகிறார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கூடத்தை இடித்து அகலப்படுத்தியும் நாம் இன்னும் ஆட ஆரம்பிக்கவில்லை.

2017 நவம்பரில் டோக்கியோவுக்கு வெளியே ஒரு புறநகர் ஸ்டேஷனிலிருந்து சுகுபா எக்ஸ்பிரஸ் வண்டியொன்று 20 விநாடி முன்னதாகப் புறப்பட்டுவிட்டது. கம்பெனி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. நம்ம ஊரில் 20 விநாடி முன்னால் வண்டி கிளம்பினால் ஸ்டேஷன் மாஸ்டரே நம்பமாட்டார். நேற்றைய வண்டி என்று சொல்லிவிடுவார்.

ஜப்பானிடமிருந்து நாம் எதுவுமே கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. சில்வர்லைன் என்று ஒரு ரயில் திட்டம் வந்தது. திருவனந்தபுரத்திலிருந்து காசர்கோட்டுக்கு 529 கிலோமீட்டர், நான்கு மணி நேரம், மதிப்பீடு 63,940 கோடி ரூபாய். பணத்துக்கு ஜப்பானின் உதவி நிறுவனமான ஜைக்காவை எதிர்பார்த்தார்கள். 2022-இல் அதிகாரிகள் பகலில் மஞ்சள் கல் நட, ஜனங்கள் அதைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தார்கள். கல் நட்டவர்களுக்கும் பிடுங்கினவர்களுக்கும் நல்ல உடற்பயிற்சி. நாலு மணி நேரத்தில் காசர்கோடு போகும் அந்த வண்டி எங்கிருந்து புறப்படுவதாக இருந்தது? கொச்சுவேளியிலிருந்து. பேட்டைக்கும் வடக்கே, ஊருக்கு இன்னும் வெளியே.

கொச்சுவேளி இப்போது கொச்சுவேளி இல்லை. அதன் பெயர் திருவனந்தபுரம் நார்த். அந்தப் பக்கம் நேமம், திருவனந்தபுரம் சவுத் ஆகிவிட்டது. சென்ட்ரலில் இடமில்லை என்பதால் நெடுந்தூர வண்டிகள் பல அங்கேயே நின்றுவிடுகின்றன. 1918-இல் இரண்டு மைல் தள்ளி நின்ற வண்டி, நூறு வருஷம் கழித்து அதைவிடத் தள்ளி நிற்கிறது. அன்று ‘சாக்கை’ என்று உண்மையைச் சொன்னார்கள். இன்று பலகையில் ‘திருவனந்தபுரம்’ என்று எழுதிவிட்டதால் வந்துசேர்ந்த மாதிரி ஆகிவிட்டது. இறங்குகிறவன் ஆட்டோக்காரரிடம் உண்மையைத் தெரிந்துகொள்கிறான்.

காலை வேளையில் பேட்டையில் நின்று பாருங்கள். கொல்லம் பக்கத்திலிருந்து தலைமைச் செயலக உத்தியோகஸ்தர்களை அள்ளிக்கொண்டு வண்டி வந்து நிற்கும். சென்ட்ரலில் பிளாட்பாரம் காலியாகவில்லை என்றால் சிக்னல் விழாது. பெட்டிக்குள் மடியில் பிரீஃப்கேஸைக் குறுக்கே வைத்து இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் ஆடிக்கொண்டிருக்கும் நாலு பேரும் தலை நிமிரமாட்டார்கள். இன்னும் ஒரு ஆட்டத்துக்கு நேரம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். அனுபவசாலிகள் இறங்கிப் படியேறி ரோட்டுக்குப் போய்விடுவார்கள். ஒரு நாள் பக்கத்தில் நின்ற சீசன் டிக்கெட் பெரியவரிடம் கேட்டேன்.

“சேட்டா, வண்டிதான் சென்ட்ரல் போகுமே, ஏன் இங்கே இறங்குறீங்க?”

“வண்டி போகும் மோனே. நான் ஒப்புப் போடுற நேரத்துக்குப் போகுமான்னு வண்டிக்கே தெரியாது.”

சொல்லிவிட்டுக் குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஆட்டோவைப் பார்த்துக் கையை நீட்டினார். ஸ்ரீமூலம் திருநாளுக்குக் குதிரைவண்டி. இவருக்கு ஆட்டோ. பட்டம் பறிபோனாலும் பேட்டை தன் வேலையைத் தினமும் காலையில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

திருவனந்தபுரத்து ரயில் வரலாறு மொத்தமும் இவ்வளவுதான். வண்டி போதவில்லை என்று ஜனங்கள் சொன்னால் ஸ்டேஷனைத் தள்ளி வைத்தோம், பாதையை அகலப்படுத்தினோம், பலகையில் பெயரை மாற்றினோம், மஞ்சள் கல் நட்டோம். வண்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது என்ற எளிய யோசனை மட்டும் யாருக்கும் தோன்றவில்லை; தோன்றியவர்களிடம் கையெழுத்துப் போடும் பேனா இல்லை.

ஆகவே ரயில்வே பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்து எந்த ஸ்டேஷனுக்குப் புதுப் பெயர் வைக்கலாம் என்று உட்கார்ந்து யோசிக்கிற நேரத்தில், கொல்லத்துக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவே காலையும் மாலையும் அரை மணிக்கு ஒரு மெமு விடுங்கள். எல்லாம் பேட்டையில் நிற்கட்டும். இரவு கடைசி வண்டி வந்து சேருகிற நேரத்துக்கு வித்துரா பஸ் ஒன்றை நிறுத்திவைக்கும்படி கே.எஸ்.ஆர்.டி.சி.யிடம் நாங்களே பேசிக்கொள்கிறோம்.